ஒரு நாட்டின் டெட்டனஸ் நிலவரத்தை அளப்பது எப்படி: சிங்கப்பூரை வைத்து முழுமையான வழிகாட்டி

டெட்டனஸ் என்ற ரணஜன்னி சிங்கப்பூரில் இப்போது ஆண்டுக்கு ஒரு சிலருக்குத்தான் வருகிறது. அந்தச் சிறு எண்ணைப் பார்த்து "நோய் போய்விட்டது" என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. நோயாளிகள் குறைந்திருப்பதற்குப் பாதிக் காரணம் தடுப்பூசி. மீதி, நம் காலில் செருப்பு இருப்பதும், தரையில் சிமெண்டு இருப்பதும், பிரசவம் மருத்துவமனையில் நடப்பதும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு நாட்டின் டெட்டனஸ் நிலவரத்தை எழுத முடியாது. பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், தாதியர், ஊழியர் நலப் பணியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதலில், இந்தக் கிருமியின் குணம்

டெட்டனஸை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா மண்ணிலும் தூசியிலும் மாடு, குதிரைச் சாணத்திலும் வித்துகளாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொதிக்கும் நீரை நம்பி அந்த வித்துகளை விட்டுவிட முடியாது. 121 பாகை செல்சியஸில் 15 நிமிட அழுத்த நீராவி வேண்டும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும். தசையைத் தளர்த்தும் நரம்புச் சைகைகளை அந்த நஞ்சு நிறுத்திவிடுவதால் தசைகள் இறுகுகின்றன, தாடை பூட்டிக்கொள்கிறது. 1884இல் ஜெர்மானிய மருத்துவர் நிக்கோலையர் மண்ணை விலங்குகளுக்குச் செலுத்தி இந்த நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889இல் ஜப்பானிய ஆய்வாளர் கிட்டசாட்டோ கிருமியைத் தனியாக வளர்த்தார்.

கணக்குப் போடுபவருக்கு முக்கியமான செய்திகள் மூன்று. ஒன்று, இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அதனால் கூட்டு நோயெதிர்ப்பு என்பதே இதற்குக் கிடையாது. தட்டம்மையில் 95 விழுக்காட்டினர் ஊசி போட்டால் மீதி 5 பேருக்கும் நிழல் கிடைக்கும். இங்கே அந்த 5 பேரும் வெயிலில்தான் நிற்பார்கள். இரண்டு, நோய் வந்து பிழைத்தாலும் எதிர்ப்புச் சக்தி உண்டாகாது, ஏனென்றால் ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்யத் தேவையான அளவைவிடக் குறைவு. ஆகவே ஒருவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது தடுப்பூசியால் வந்தது என்றே நடைமுறையில் கொள்ளலாம். மூன்று, அந்த எதிர்ப்பொருள் காலப்போக்கில் தேயும்.

படி 1: யாரை "டெட்டனஸ் நோயாளி" என்று எண்ணுவது

இதற்கு உறுதிப்படுத்தும் ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. காயத்திலிருந்து கிருமி வளர்வது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். வளர்ந்தாலும் அது மட்டும் நோயை நிரூபிக்காது. எனவே வரையறை முழுக்க மருத்துவரின் கண்ணையும் கையையும் நம்பியது. தாடையிலும் கழுத்திலும் தொடங்கும் வலியுள்ள தசை இறுக்கம், அதைத் தொடர்ந்து உடல் முழுதும் இழுப்பு, வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்றால் எண்ணிக்கையில் சேர்க்கலாம். பச்சிளங்குழந்தைக்கு வரையறை வேறு: முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து அழுத குழந்தை, 3 முதல் 28 நாள்களுக்குள் பால் குடிக்க முடியாமல் போய், உடல் விறைத்து இழுப்பு வருவது.

ஐயமுள்ள பெரியவருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நாக்கை அழுத்தும் மரப்பட்டையால் தொண்டையின் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குக் குமட்டும். டெட்டனஸ் நோயாளியோ பட்டையைக் கடித்துப் பிடித்துக்கொள்வார். 1995இல் வெளியான 400 நோயாளிகளின் ஆய்வில் இது 94 விழுக்காடு நோயாளிகளைச் சரியாகக் காட்டியது. நோய் இல்லாத எவரையும் தவறாகக் காட்டவில்லை.

இங்கே வரக்கூடிய பிழைகள்: குமட்டலை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரையாலும் வாய் கோணி இறுகும். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தாலும் வாய் திறக்காது. எதிர்நஞ்சு ஊசி (ஆயத்த எதிர்ப்பொருள் கொண்டது) போட்ட பிறகு ரத்தம் எடுத்தால், அதில் தெரிவது போட்ட ஊசியின் எதிர்ப்பொருள்தான். எனவே ரத்தம் முதலில், ஊசி அடுத்து. ஆனால் ஆய்வுக்கூட முடிவுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

காயம் பட்டதற்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட நாள்களைக் கட்டாயம் பதியுங்கள். வழக்கமாக 3 முதல் 21 நாள். இடைவெளி குறையக் குறைய நோய் கடுமையாகும். காயமே நினைவில்லாத நோயாளிகளும் உண்டு. அவர்களைக் கழித்துவிட வேண்டாம்.

படி 2: பதிவுகளைத் திரட்டுவது

சிங்கப்பூரில் டெட்டனஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1976ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் அதற்கு அடிப்படை. 2025 ஏப்ரல் முதல் தேதியன்று புதிய தொற்றுநோய்கள் அமைப்பு பணியைத் தொடங்கியதால், பழைய ஆண்டுகளுக்குச் சுகாதார அமைச்சின் அறிக்கைகளையும் புதிய ஆண்டுகளுக்கு இந்த அமைப்பின் வெளியீடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரே மூலத்தை நம்பக் கூடாது. அறிவிப்புப் பட்டியல், மருத்துவமனை வெளியேற்றப் பதிவு, இறப்புப் பதிவு மூன்றையும் எடுங்கள். அனைத்துலக நோய்க் குறியீட்டில் (ஐசிடி-10) ஏ33 பச்சிளங்குழந்தைக்கு, ஏ34 பிரசவத்தை ஒட்டி வருவதற்கு, ஏ35 மற்ற அனைத்துக்கும். அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று: காயத்துக்கு வந்து வெறும் தடுப்பூசி போட்டுச் சென்றவருக்கு இசட்23.5 என்று எழுத வேண்டிய இடத்தில் ஏ35 என்று விழுந்திருக்கும். அந்த ஒரு தட்டச்சுப் பிழையால் ஆண்டின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடலாம். ஏ35 என்று வரும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, தங்கிய நாள்களைப் பாருங்கள். உண்மையான டெட்டனஸ் நோயாளி தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருந்திருப்பார். அன்றே வீடு திரும்பியவர் ஊசிக்கு வந்தவர்.

இவற்றில் அறிவிப்பு, மருத்துவமனை என்ற இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, விடுபட்டவர்களை மதிப்பிடலாம். ஒரு கற்பனைக் கணக்கு: அறிவிப்பில் 4 பேர், மருத்துவமனையில் 6 பேர், இரண்டிலும் இருப்பவர் 3 பேர். சிறு எண்களுக்கான திருத்தத்தோடு (4+1) × (6+1) ÷ (3+1) − 1 = 7.75. அதாவது உண்மையில் 8 பேர் இருந்திருக்கலாம். பட்டியல்களைச் சேர்த்தால் 7 பேர்தான் தெரிகிறார்கள். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் தயாரானவை என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். மருத்துவமனைக் கணினியே அறிவிப்பையும் தானாக அனுப்புகிறது என்றால் இதைப் போடாதீர்கள்.

படி 3: விகிதம்

சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 2024 ஜூனில் 6.04 மில்லியன். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 4.18 மில்லியன், மற்றவர்கள் 1.86 மில்லியன். எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது இங்கே வெறும் சடங்கு அல்ல. கட்டுமானத் தளத்தில் காயம்பட்ட வெளிநாட்டு ஊழியரை மேலே சேர்த்துவிட்டுக் கீழே 4.18ஐ வைத்தால் விகிதம் வீங்கும்.

ஓர் ஆண்டில் 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். மில்லியனுக்கு 0.50. ஆனால் 3 என்ற எண்ணின் 95 விழுக்காடு நம்பக எல்லை (தற்செயலைக் கழித்தால் உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு) 0.6 முதல் 8.8 வரை, விகிதமாகச் சொன்னால் மில்லியனுக்கு 0.10 முதல் 1.45 வரை. அடுத்த ஆண்டு 6 பேர் வந்தால் "இரட்டிப்பு" என்று தலைப்புப் போட ஆசை வரும். எல்லை இவ்வளவு அகலமாக இருக்கும்போது அது வெறும் தற்செயலாக இருக்கலாம். குறைந்தது ஐந்தாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். நோயாளியே இல்லாத ஆண்டுக்கும் மேல் எல்லை 3.7 பேர்.

படி 4: ரத்தத்தைக் கேட்பது

நிலவரத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நோயாளிகள் வெளியே தெரியும் நுனி மட்டுமே. காயம் பட்டால் நோய் வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை ரத்த ஆய்வுதான் சொல்லும்.

குழந்தைகளின் தடுப்பூசி விகிதத்தை வைத்து இதைச் சொல்ல முடியாதா? முடியாது. சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களிலும் 18 மாதத்திலும், பிறகு 10 அல்லது 11 வயதில் பள்ளியிலும் ஊசி உண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கே சட்டப்படி கட்டாயமானவை டிஃப்தீரியா (தொண்டை அடைப்பான்) ஊசியும் தட்டம்மை ஊசியும் மட்டுமே. டெட்டனஸ், டிஃப்தீரியாவுடன் ஒரே ஊசியில் ஒட்டிக்கொண்டு சலுகைப் பயணம் செய்கிறது. அதனால் குழந்தைகளிடம் விகிதம் மிக உயரம். அந்த உயர்ந்த எண் 1950களில் பிறந்த பாட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

மாதிரி அளவு. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பு இருக்கும் என்று ஊகித்து, 5 விழுக்காடு முன்பின் துல்லியம் வேண்டும் என்றால்: 1.96 × 1.96 × 0.7 × 0.3 ÷ (0.05 × 0.05) = 323 பேர். குடியிருப்புப் பேட்டை வாரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே அடுக்குமாடிப் புளோக்கில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், அதற்காக 1.5ஆல் பெருக்கினால் 485. பத்தில் மூவர் மறுப்பார்கள் என்று வைத்தால் 693 வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். இது ஒரு வயதுப் பிரிவுக்கு மட்டும்! ஆகவேதான் பல நாடுகள் வேறு சுகாதார ஆய்வுகளில் சேமித்த ரத்தத்தைப் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரிலும் 2010 தேசியச் சுகாதார ஆய்வில் மிஞ்சிய மாதிரிகளில் பெரியவர்களின் டிஃப்தீரியா, டெட்டனஸ் எதிர்ப்பொருள் அளக்கப்பட்டது. அந்த ஆய்வு 18 முதல் 79 வயது வரையிலான குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் கொண்டது. யார் அதற்குள் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்: விடுதியில் தங்கும் ஊழியர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், 80 வயதைத் தாண்டியவர்கள்.

மாதிரி கையாளுதல். 5 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, சுழற்றிச் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரித்து, மைனஸ் 20 பாகையில் சிறு சிறு குப்பிகளாக வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் எதிர்ப்பொருள் சிதையும். அப்புறம் "எதிர்ப்பு இல்லை" என்று வருவது மக்களின் குறையா, உறைபெட்டியின் குறையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெட்டுப்புள்ளி, அதாவது பாதுகாப்பு உண்டா இல்லையா என்று பிரிக்கும் எல்லை. அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு முதற்காரணம் இது. விலங்குகளில் நஞ்சை முறிக்கும் சோதனையில் மில்லிலிட்டருக்கு 0.01 அனைத்துலக அலகு இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் வழக்கமான எலிசா சோதனையில் அதே எல்லையை வைக்கக் கூடாது. 0.2க்குக் கீழே எலிசா மிகைப்படுத்திக் காட்டும், ஏனென்றால் நஞ்சை முறிக்காத எதிர்ப்பொருளையும் அது சேர்த்து எண்ணுகிறது. எலிசாவுக்கு 0.1 அல்லது அதற்கு மேல் வையுங்கள். 1.0ஐத் தாண்டினால் நீண்டகாலப் பாதுகாப்பு. அறிக்கையில் ஒரே எல்லையைக் காட்டாமல் 0.01, 0.1, 1.0 மூன்றிலும் விழுக்காடு கொடுத்தால் வேறு நாட்டோடு ஒப்பிட முடியும். கடந்த மூன்று மாதங்களில் டெட்டனஸ் எதிர்ப்புப் புரதம் (படி 1இல் சொன்ன எதிர்நஞ்சு ஊசி) போட்டவர்களைத் தனியாக ஒதுக்குங்கள். அது இரவல் பாதுகாப்பு.

படி 5: வயதாக அல்ல, பிறந்த ஆண்டாகப் படிப்பது

முடிவுகளை வயது வாரியாக வரைந்தால் முதுமையை நோக்கிச் சரியும் ஒரு கோடு வரும். அமெரிக்காவில் 1995இல் வெளியான தேசிய ஆய்வில் 6 முதல் 11 வயதினரில் 87.7 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பு இருந்தது. 70 வயதைத் தாண்டியவர்களில் 27.8 விழுக்காடுதான். அங்கே வெட்டுப்புள்ளி 0.15. ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு கூடுதலாக இருந்ததும் அதில் தெரிந்தது.

சரிவுக்குக் காரணம் முதுமை என்று அவசரப்படக் கூடாது. எதிர்ப்பொருள் தேய்ந்தவரும் உண்டு; வாழ்நாளில் ஒரு ஊசிகூடப் போடாதவரும் உண்டு. எலிசாவில் இருவரும் ஒரே பூஜ்யம். பிரித்தறிய வழி: ஒரு சிறு பிரிவினருக்கு ஒரு தவணை போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பாருங்கள். முன்பு போட்டவரின் எதிர்ப்பொருள் சட்டென்று எகிறும். போடாதவருக்கு முதல் தவணையில் அநேகமாக எதுவும் அசையாது. முன்னவருக்கு ஒரு ஊசி போதும். பின்னவருக்கு மூன்று வேண்டும். செலவுக் கணக்கே தலைகீழாகும்.

பிறந்த ஆண்டைச் சிங்கப்பூரின் வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். தேசியச் சேவை என்ற கட்டாய ராணுவச் சேவை 1967இல் தொடங்கியது; முதல் அணியினர் 1949இன் முதல் பாதியில் பிறந்தவர்கள். உங்கள் முடிவில் 1949க்குப் பின் பிறந்த ஆண்களுக்கும் அதே வயதுப் பெண்களுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், சேவைக்காலத் தடுப்பூசியை முதலில் விசாரியுங்கள். பெண்களுக்கு வேறு வாய்ப்பு ஒன்று உண்டு: ஒவ்வொரு கர்ப்பத்திலும் 16 முதல் 32 வாரத்துக்குள் டிடாப் ஊசி (டெட்டனஸ், டிஃப்தீரியா, கக்குவான் மூன்றுக்கும் ஒன்று) பரிந்துரைக்கப்படுகிறது. அது முக்கியமாகக் கக்குவான் இருமலிலிருந்து குழந்தையைக் காக்கத்தான்; டெட்டனஸ் பாதுகாப்பு கூடவே வருகிறது. பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணை 2017இல்தான் வந்தது. அதற்கு முன்பே பிள்ளை பெற்று முடித்த பெண்கள்தான் கணக்கில் கவனிக்க வேண்டிய இடைவெளி.

பச்சிளங்குழந்தை டெட்டனஸ் இங்கே ஒழிந்ததில் பிரசவ இடத்துக்குப் பெரும் பங்குண்டு. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது உலகச் சாதனை. சுத்தமான கத்தியும் சுத்தமான தொப்புள்கொடியும் அங்கே வேலை செய்தன. அந்தக் குழந்தைகளின் தாய்மார்களில் பெரும்பாலோர் இப்போது எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு அவர்களின் நாட்டு வரலாறு வேண்டும். இந்தியா தன் விரிவான தடுப்பூசித் திட்டத்தை 1978இலும், பங்ளாதேஷ் 1979இலும் தொடங்கின. இரண்டும் எல்லா ஊருக்கும் பரவச் சில ஆண்டுகள் பிடித்தன. தமிழ்நாட்டிலிருந்து வரும் பலர் "ஒவ்வொரு வெட்டுக்கும் டிடி போட்டிருக்கேன்ணே" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குழந்தையில் மூன்று தவணை முடித்தாரா என்பது வேறு கேள்வி. அதை அவருடைய அம்மாவிடம்தான் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

படி 6: கேள்வித்தாள்

தமிழில் எழுதும்போது ஒரு பொறி. டெட்டனஸ் மட்டும் உள்ள பழைய ஊசியும் 'டிடி'. டெட்டனஸும் குறைந்த அளவு டிஃப்தீரியாவும் கலந்த பெரியவர் ஊசியும் 'டிடி'. குழந்தைகளுக்கான, டிஃப்தீரியா கூடிய ஊசியும் 'டிடி'. எனவே "டிடி போட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். எப்போது, எதற்காக, கையிலா இடுப்பிலா, அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகளின் பதிவு தேசியத் தடுப்பூசிப் பதிவகத்தில் கிடைக்கும். முதியவர்களுக்கு நினைவுதான் ஆவணம். நினைவை 'உறுதியற்றது' என்று தனியாகக் குறியுங்கள்.

மண்ணோடும் காயத்தோடும் உள்ள உறவையும் கேட்க வேண்டும்: சமூகத் தோட்டத்தில் வேலை, புளோக்குக்குக் கீழே தொட்டிச் செடி, நீரிழிவால் காலில் ஆறாத புண், கட்டுமான வேலை. நம்மவர்களிடம் கூடுதலாக இரண்டு. தைப்பூசத்தில் அலகு குத்துபவர்கள், தீமிதியில் இறங்குபவர்கள். அலகு ஆழமான குத்துக்காயம். தீக்காயமும் டெட்டனஸ் அபாயப் பட்டியலில் உள்ளதே. விரதம் தொடங்கும்போதே ஊசிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டால், எதிர்ப்பொருள் உயர நேரம் இருக்கும். முந்தைய நாள் போடுவதில் அந்தப் பலன் இல்லை.

படி 7: எண்ணிலிருந்து ஊசிக்கு

கற்பனையாக: 70 வயதுக்கு மேல் 200,000 பேர், 40 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் 80,000 பேர். 30களில் 600,000 பேர், 10 விழுக்காடு என்றால் 60,000. தொகை நெருங்கி இருந்தாலும் வேலை வேறு. இளையவர்களில் பெரும்பாலோர் ஒரு தவணையில் முடிவார்கள். முதியவர்களில் பாதிப் பேர் முன்பு போடாதவர்கள் என்று படி 5இன் சோதனை காட்டினால், 40,000 × 3 + 40,000 × 1 = 160,000 தவணை.

முன்பு போடாத பெரியவருக்கு: முதல் தவணை, 4 வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்தில் மூன்றாவது. ஒவ்வொன்றும் 0.5 மில்லிலிட்டர், தோள் தசையில். இரண்டு தவணையோடு நின்றால் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுப் பாதுகாப்பு. மூன்றில் 95 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டு. மூன்றாவதுக்கு வராமல் போவதுதான் எங்கும் நடப்பது. பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு மருந்து வாங்க வரும் நாளோடு அதைக் கோத்துவிடுங்கள்.

காயத்தோடு வருபவருக்கு: மூன்று தவணைகள் முடித்தவர், சிறிய சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசி 10 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மட்டும் ஒன்று, மண் பட்ட, ஆழமான காயம் என்றால் 5 ஆண்டுகளைத் தாண்டியிருந்தாலே ஒன்று. மூன்று தவணைகள் முடிக்காதவர் அல்லது தெரியாதவர், அழுக்குக் காயம் என்றால் ஊசியோடு 250 அலகு டெட்டனஸ் எதிர்ப்புப் புரதமும், வேறு இடத்தில், வேறு ஊசிக்குழலால். ஒவ்வொரு கீறலுக்கும் போட்டுத் தள்ளினால் கை முழங்கை வரை வீங்கிச் சிவக்கும். ஏற்கெனவே எதிர்ப்பொருள் நிறைந்தவர் உடல் அப்படித்தான் பதில் சொல்லும்.

தடுப்பூசியை 2 முதல் 8 பாகை வரை வையுங்கள். உறைந்துவிட்டால் வீண். ஐயமிருந்தால் அதே வரிசை எண்ணுள்ள இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருகியபின் இரண்டையும் குலுக்கி அருகருகே நிறுத்துங்கள். ஐயத்துக்குரிய குப்பியும் உறைந்த குப்பியைப் போலவே வேகமாகத் திரிதிரியாக அடியில் படிந்தால், அந்தப் பெட்டி முழுதையும் ஒதுக்கிவிடுங்கள்.